மேடையில் வசனம் மறந்த பிள்ளைக்கு

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம்: மகள் தரம் 4. வீட்டில் வாய் ஓயாது. போன தவணை தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் மூன்றாவது பந்தியில் அப்படியே நின்று, அழுதுகொண்டு இறங்கிவிட்டாள். இப்போது வகுப்பில் வாசிக்கச் சொன்னாலும் "எனக்கு ஏலா டீச்சர்" என்கிறாள். வருகிற வருடம் பார்ப்போம் என்கிறார் டீச்சர். பயம் தெளிய இப்போதே திரும்ப ஏற்ற வேண்டும் என்கிறார் தகப்பன். யார் சொல்வது சரி? நடனத்திலோ நாடகத்திலோ சேர்த்தால் கூச்சம் போகுமா?

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. ஒரு வருடம் விட்டால், அழுது இறங்கிய மேடையே அவள் மனதில் கடைசி மேடையாக இருந்துவிடும். அதே மாதிரிப் பேச்சோடு அதே மாதிரிப் போட்டிக்கு உடனே ஏற்றினால், அதே இடத்தில் மறுபடியும் நிற்பாள். மேடை வேண்டும், மூன்று கிழமைக்குள் வேண்டும், ஆனால் அது வேறு மாதிரி மேடையாக இருக்க வேண்டும்.

அன்று என்ன நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். பேச்சை டீச்சர் எழுதியிருப்பார், அல்லது நீங்கள் எழுதியிருப்பீர்கள். தலைப்பு தாய்மொழியின் சிறப்பாகவோ நூலகத்தின் பயனாகவோ இருந்திருக்கும். பிள்ளை அதை இரண்டு கிழமை பாடமாக்கியிருப்பாள். இப்படிப் பாடமாக்கிய பேச்சில் ஒவ்வொரு வசனமும் முந்திய வசனத்தின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. நடுவர் ஒருவர் இருமினால், வெளியே மணி அடித்தால், அந்தப் பிடி விடும். விட்டால் அடுத்தது என்ன என்று யோசித்து எடுக்க அவளிடம் கருத்து இல்லை. இருப்பது ஒலி மட்டும்தான். அதனால் முதலில் இருந்து தொடங்கினால்தான் வரும், மேடையில் முதலில் இருந்து தொடங்க வெட்கம். பிள்ளை நின்றுபோகிறது. இதில் தைரியக் குறைவு என்று எதுவும் இல்லை.

வயதும் ஒரு காரணம். பாலர் வகுப்பில் பயமில்லாமல் பாடிய பிள்ளை 8, 9 வயதில் திடீரெனக் கூசுவது வழக்கம். மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்குகிற வயது அது. "சின்னதில நல்லாப் பேசினவள்தானே" என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள். அது புகழ்ச்சியாக அவளுக்குக் கேட்காது.

இனி நம்முடைய கூத்தைப் பாருங்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தில் அடி மறக்காத ஆட்டக்காரர் இல்லை. ஆனால் கூத்தாடும் களரியில் அவர் தனியாக நிற்பதில்லை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார், பக்கத்தில் சல்லரி என்கிற கைத்தாளம், பின்னால் பிற்பாட்டுக்காரர், ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க ஒருவர். ஆட்டக்காரர் பாடிய அடியைப் பிற்பாட்டு திருப்பிப் பாடும்போது அவருக்கு மூச்சு எடுக்கவும் அடுத்ததை நினைக்கவும் நேரம் கிடைக்கிறது. மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பார்கள். அப்போதும் வராவிட்டால் அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்லி ஆட்டத்தைக் கொஞ்சம் ஓடவிடுவார். சபைக்குத் தெரியவே தெரியாது. வளர்ந்த ஆம்பிளைகளுக்கே மறந்தால் ஏந்துவதற்கு நாலு பேரை நிறுத்தியிருக்கிறது கூத்து. 9 வயதுப் பிள்ளையை மைக்குக்கு முன்னால் ஒற்றையில் நிறுத்துகிறோம் நாம்.

பழக்குகிற ஒழுங்கும் கவனிக்க வேண்டியது. சட்டங்கொடுத்து, அதாவது அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுத்து, ஆட்டம் பழக்கி, சதங்கை அணிவித்து, கிழமைக்கூத்தாக ஊராருக்கு முன் சின்னச் சின்னதாக ஆடிப்பார்த்து, அடுக்குப் பார்த்து, அதாவது முழு ஒத்திகை பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். பல தடவை பார்வையாளரைச் சந்தித்த பிறகே பெரிய நாள் வருகிறது. பாடசாலைப் பேச்சில் இந்த இடைப்படிகள் ஒன்றும் இல்லை. சட்டங்கொடுத்த கையோடு அரங்கேற்றம்.

ஆகவே உங்கள் பிள்ளைக்கு அந்தப் படிகளைத் திரும்ப வைத்துக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய 10 கிழமை வேலை, ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும்.

முதல் மூன்று கிழமை பேச்சே வேண்டாம். வசந்தன் கூத்து மாதிரிக் கோலடி, அதாவது கோலோடு கோல் தட்டி ஆடுகிற ஆட்டம், நல்லது. 8 பிள்ளைகள், வட்டமாக, ஆளுக்கு இரண்டு கோல். கோல் ஓரடிக்குச் சற்றுக் கூட நீளம், பெருவிரல் மொத்தம், சிராய் இல்லாமல் உரஞ்சியது. முதல் நாலைந்து நாள் கோல் கொடுக்காமல் கைதட்டியே பழக்குங்கள். ஒன்றுக்குத் தன் கை, இரண்டுக்கு வலப்பக்கத்தவர் கை, மூன்றுக்குத் தன் கை, நாலுக்கு இடப்பக்கத்தவர் கை; ஒன்றுவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டுக்கு இடப்பக்கம், நாலுக்கு வலப்பக்கம், அப்போதுதான் கைகள் சந்திக்கும். பிழை வருவது பெரும்பாலும் மூன்றில் இருந்து நாலுக்குத் திரும்புகிற இடத்தில். அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்துப் பத்துத் தடவை செய்தால் சரியாகும். பாட்டின் வேகத்திலேயே தொடங்குவதுதான் பலர் விடுகிற தவறு. பாதி வேகத்தில் தொடங்கி, எல்லாரும் ஒன்றாக அடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் கூட்ட வேண்டும்.

கோலடிக்கும் பேச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வட்டத்தில் பிள்ளையின் கண் சபையில் இல்லை, தோழியின் கோலில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சுற்றி இருந்தும் அவர்களைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு அடி தவறினாலும் அடுத்த அடி தானாக வந்து அவளைச் சேர்த்துக்கொள்ளும். தவறிய பிறகும் தொடரலாம் என்பதை உடம்பு படிக்கிறது. வாயால் நூறு தரம் சொன்னாலும் ஏறாத பாடம் அது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இதே வேலையைக் கம்பு தட்டி ஆடுகிற பொல்லடி செய்யும். பெண் பிள்ளையை மேடையில் ஆடவிட விரும்பாத வீடுகளில் கவி பாடுவதையோ குழுவாகப் பாவோதுவதையோ வைத்துக்கொள்ளலாம். கட்டாயப்படுத்தி எடுக்கிற ஆட்டத்தில் நம்பிக்கை வளராது.

நாலாம், ஐந்தாம் கிழமையில் குரல். ஒரு பாட்டை எடுத்து, ஒரு பிள்ளை ஒரு வரி சொல்ல மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வது, அதாவது பிற்பாட்டு. வில்லுப்பாட்டு இன்னும் நல்லது. அதில் பக்கத்தில் இருந்து "ஆமா" போடுகிற இடத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை, ஆனால் கூச்சமுள்ள பிள்ளைக்கு அதைப்போல ஓர் இடம் இல்லை. ஒரு நிகழ்ச்சியில் 20 தடவை "ஆமா" சொன்ன பிள்ளை 20 தடவை மைக்கில் பேசியிருக்கிறது. அடுத்த முறை "ஆமா"வுக்குப் பிறகு ஒரு கேள்வி, அதற்கடுத்த முறை ஒரு பகிடி என்று கூட்டலாம்.

ஆறாவது கிழமையில் பேச்சுக்கு வரலாம். தலைப்பைப் பிள்ளையின் கைக்குத் தெரிந்ததாக எடுங்கள். உதாரணமாக, "எங்கள் வீட்டில் தயிர் போடும் விதம்". ஐந்து படம் கீறச் சொல்லுங்கள். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் போதும். ஒரு லீற்றர் பால் அடுப்பில் பொங்குகிறது. இறக்கி, விரல் வைத்தால் இளஞ்சூடு தெரியுமட்டும் ஆற வைக்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டி பழைய தயிரைக் கரைத்து உறை விடுகிறார்கள். மண்சட்டியில் ஊற்றி மூடி ஆட்டாமல் வைக்கிறார்கள். விடியத் திறந்து பார்க்கிறார்கள். இதில் எந்த இடத்தில் நின்றாலும் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும், பால் ஆறாமல் உறை விடமுடியாதே. வேலையின் ஒழுங்கே அடியெடுத்துக் கொடுக்கிறது. நூலகத்தின் பயன்கள் ஐந்தில் மூன்றாவது எது, நாலாவது எது என்பதற்கு அப்படி ஒரு பிடி இல்லை.

தொடக்கத்தில் இரண்டு வசனம், முடிவில் ஒரு வசனம், இவற்றை மட்டும் பாடமாக்கட்டும். நடுவில் உள்ளதைப் படத்தைப் பார்த்துத் தன் வாயால், வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். "பாலைக் காச்சி ஆற வெச்சி, மறுகா..." என்று வந்தால் அப்படியே விடுங்கள். மூன்று நாளைக்குப் பிறகு அதே பேச்சைப் பாடசாலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "மறுகா" தானாகப் "பின்னர்" ஆகும். சொல்லிக்கொண்டிருக்கும்போது ழகரத்தை, ளகரத்தைத் திருத்த வேண்டாம். முடிந்த பிறகு ஒரே ஒரு பிழையைச் சொல்லுங்கள், மற்றவை நாளைக்கு. நடுவில் வெட்டித் திருத்தப்படும் பிள்ளை பேசும்போதே தன் வாயைக் கவனிக்கத் தொடங்கும், அங்கேதான் தடக்கும்.

தினமும் ஒரு தடவை நடுவில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். "மூண்டாவது படத்தில இருந்து சொல்லு." பிறகு பின்னுக்கு இருந்து முன்னுக்கு. அதற்குப் பிறகு மறக்கப் பழக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. அவள் பேசும்போது தம்பி சட்டி மூடியைக் கீழே போடட்டும், நீங்கள் இருமுங்கள், அப்பா போன் அடிக்கட்டும். நின்றால் செய்ய வேண்டியது மூன்று: வாயை மூடி ஒரு மூச்சை மெதுவாக வெளியே விடு, கடைசியாகச் சொன்ன வசனத்தைத் திருப்பிச் சொல், அப்போதும் வராவிட்டால் அடுத்த படத்துக்குப் போ. இரண்டாவது படி அப்படியே பிற்பாட்டுத்தான், அதை அவளே தனக்குப் பாடிக்கொள்கிறாள். திருப்பிச் சொல்வதைக் கேட்பவர்கள் அழுத்தம் என்று எடுத்துக்கொள்வார்களே தவிர மறதி என்று நினைக்கமாட்டார்கள். பத்துத் தடவை விளையாட்டாக மறந்து எழும்பிய பிள்ளைக்குப் பதினோராவது தடவை மேடையில் மறப்பது புதிய விடயம் இல்லை.

போட்டிக்குப் பாடமாக்கிய பேச்சுத்தான் புள்ளி எடுக்கும் என்று டீச்சர் சொல்லக்கூடும். சில மேடைகளில் அது உண்மைதான். பாடமாக்குவது கூடாது என்று நான் சொல்லவில்லை, ஒழுங்கு மாற வேண்டும் என்கிறேன். முதலில் தன் சொல்லில் பேசிப் பழகி, அதில் இருந்து எழுதி, அதைப் பாடமாக்கினால் பிடி விட்டாலும் கருத்து கையில் இருக்கும். நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு நிமிடம் பேசவிட்டுச் சொற்களை எண்ணுங்கள். 70 வந்தால் 3 நிமிடப் பேச்சுக்கு 210 சொல் எழுதக் கூடாது, 180 போதும். கூட எழுதினால் மணி அடிக்கும் பயத்தில் கடைசிப் பந்தியை விழுங்குவாள். வணக்கம் சொல்வதில் மட்டும் அதிபர், நடுவர், ஆசிரியர், பெற்றோர், சக மாணவர் என்று அரை நிமிடம் போகிறது, பிள்ளையின் முதல் மூச்சும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு வரி வணக்கம் மரியாதைக் குறைவு இல்லை. பெரியவர்களைப் போல முழங்கப் பழக்குவதும் கையை இந்தச் சொல்லுக்கு இப்படி, அந்தச் சொல்லுக்கு அப்படி என்று ஆட்டப் பழக்குவதும் எனக்குப் பிடிக்காது. தொண்டை கட்டும், பிள்ளை பொம்மையாகும். சத்தம் வேண்டுமானால் தூரத்தால் பழக்குங்கள். முற்றத்தில் 2 மீற்றரில் நின்று கேளுங்கள், பிறகு 5, பிறகு வேலியடியில் 10. "இங்க கேக்கல்ல" என்று மட்டும் சொல்லுங்கள், கத்தச் சொல்ல வேண்டாம்.

மைக் ஒரு தனிச் சிக்கல். பேச்சாளருக்கு உயர்த்திய மைக் தண்டை இறக்காமல் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அவள் நாடியை உயர்த்துவாள், கழுத்து இழுபடும், குரல் மெலியும். தண்டை அவள் நாடி மட்டத்துக்கு இறக்கி, வாயில் இருந்து நாலு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ஒவ்வொரு "ப"வுக்கும் பொத்தென்று அடிக்கும். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்குப் பின்னால் நின்றால் கூவும், பெட்டிகளை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்க்க வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், தன் குரல் பெரிதாகத் திரும்பி வருவதை முதல்முதல் கேட்டு வெருண்டுபோகிற பிள்ளைகள் நிறைய. முந்திய நாள் வெறும் மண்டபத்தில் பத்து வரி பேசவிட்டால் அது தீரும். மாரியில் நடக்கிற விழாவானால் தகரக் கூரையில் மழை இரைச்சல் இருக்கும், அதற்கும் ஒரு தடவை பழக்கி வையுங்கள்.

விழா நாளில் பிள்ளைகளைக் கெடுப்பது பெரும்பாலும் பசி. 7 மணிக்குப் பூச்சுப் பூசி உடுப்பும் போட்டு இருத்திவிடுவார்கள், பிரதம அதிதி 10 மணிக்கு வருவார், நிகழ்ச்சி 11 மணிக்கு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஏதாவது லேசாகக் கொடுங்கள். உடுப்புப் போடும் முன் மலசலகூடம். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஏறுவதற்குச் சற்று முன் நாலு எண்ணி மூச்சு எடுத்து ஆறு எண்ணி விடட்டும், ஐந்து தடவை. நிற்க வேண்டிய இடத்தில் சோக்கால் ஒரு புள்ளடி போட்டிருந்தால் எங்கே நிற்பது என்ற தடுமாற்றமும் இல்லை.

நடனத்தில் சேர்த்தால் கூச்சம் போகுமா என்று கேட்டீர்கள். உடம்புக் கூச்சம் போகும், பேச்சுக் கூச்சம் போக வேண்டும் என்றில்லை. அரங்கேற்றம் முடித்த பிள்ளை ஒரு நன்றியுரை சொல்லத் திணறுவதைப் பார்க்கலாம். ஒரு மேடையில் கிடைத்த துணிவு அடுத்த மேடைக்குத் தானாக ஏறிவராது. ஆகவே ஆட்டமும் பாட்டும் வசனமும் சேர்ந்த கூத்து, நாடகம், வில்லுப்பாட்டு இவளுக்குக் கூடப் பொருந்தும். முழுக் கூத்து வேண்டாம், 20 நிமிடச் சுருக்கம் போதும். இரவு முழுக்க ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவரும் வேலையை 1960களிலேயே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் செய்துகாட்டினார். அதில் ஆடிய மாணவர்களில் ஒருவரான மட்டக்களப்பின் சி. மௌனகுரு பின்னர் பேராசிரியராகி அதை வளர்த்தெடுத்தார். தரம் 6க்குப் போனதும் சித்திரம், சங்கீதம், நடனத்தோடு நாடகமும் அரங்கியலும் ஒரு தெரிவாக இருக்கிறது. பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. எல்லா விழாவிலும் அதே பத்துப் பிள்ளைகள்தான் ஏறுகிறார்கள் என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை. 35 பேர் உள்ள வகுப்பில் காலையில் மூன்று பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் கிழமைக்கு 15 பேர், மூன்று கிழமைக்குள் எல்லாரும் ஒரு சுற்று. ஒரு தவணையில் ஒவ்வொரு பிள்ளையும் நாலு தடவை பேசிவிடும். ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் மட்டும் எழுதுங்கள், புள்ளி போட வேண்டாம். புலமைப்பரிசில் வகுப்பில் இதற்கு நேரம் இல்லை என்பார்கள். மூன்று நிமிடம்தான்.

சில விடயங்களில் கவனம் தேவை. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைக்கு அன்னையர் தினப் பேச்சைக் கொடுக்காதீர்கள், அவளாகக் கேட்டால் ஒழிய. சுனாமி, யுத்தம், வீட்டில் நடந்த சாவு இவற்றைப் பிள்ளையின் வாயால் சொல்லவைத்துச் சபையை அழவைப்பது கலை இல்லை. திக்கிப் பேசும் பிள்ளைக்குச் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டாம். சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் திக்காது, அங்கிருந்து தொடங்குங்கள், பேச்சுச் சிகிச்சையாளரையும் பாருங்கள். வீட்டில் நன்றாகப் பேசி, பாடசாலையில் ஒரு மாதத்துக்கு மேல் யாரோடும் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால் அது மேடைக் கூச்சம் இல்லை. வைத்தியரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகள் விளையாட்டு இடைவேளையில் தோழிகளோடு கதைக்கிறாளா என்று மட்டும் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். கதைக்கிறாள் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை.

முதல் மூன்று கிழமைக்குள் வர வேண்டிய மேடை என்று தொடக்கத்தில் சொன்னது அந்தக் கோலடிதான். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில், எட்டுப் பிள்ளைகளோடு, அக்கம்பக்கத்தார் பார்க்க. பேச்சின் கிழமைக்கூத்து எட்டாவது கிழமையில். பெரியம்மா வீடோ மாமி வீடோ, ஆறு பேர் பாயில் இருந்தால் போதும், போனில் படம் எடுக்க வேண்டாம். தயிர்ச் சட்டியை அவள் கையில் கொடுங்கள், கைக்கு ஒரு வேலை இருந்தால் நடுக்கம் தெரியாது. நடுவில் நின்றாள் என்றால் யாரும் "பயப்பிடாத மகள்" என்று சொல்லக் கூடாது, அடுத்த வசனத்தையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கதை கேட்கிற ஆவலோடு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு சொல் கேளுங்கள்: "மறுகா?"